மலைச் சைக்கிள் வாங்கப் புகுவோர்க்கு

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் வழக்கமாகக் குறளும் சிலம்பும் பேசப்பெறும். இன்று சைக்கிளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்திருக்கிறார். காரணம் தாங்கள் அறிந்ததே. சென்ற பொதுக்குழுவில், காலனிப் பிள்ளைகளின் பொதுப் பயனுக்கென நான்கு மலைச் சைக்கிள்கள் வாங்குவதென்று தீர்மானம் நிறைவேறிற்று. நான்கையும் 19 அங்குலச் சட்டத்தில், முன்புறம் பெரிய ஸ்பிரிங் வைத்தவையாக, ஒரே கடையில் வாங்கினால் விலையில் நல்ல கழிவு கிடைக்கும் என்பதும் அன்று பேசப்பட்டது. அந்தப் பணம் யாருடையது? மாதக் கடைசியில் பால் கணக்கை இருமுறை கூட்டிப் பார்க்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுடையது. ஆகவே கடைக்கு ஆள் புறப்படுமுன் இரண்டு செய்திகளை அவையோர் முன் வைக்க விரும்பினோம். ஒன்று சட்டத்தின் அளவு. மற்றொன்று கடையில் 'ஃபோர்க்' என்று வழங்கும் முன்கவை.

இதைப் பேச நமக்கு என்ன தகுதி என்று வினவலாம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் நாம். பொறியியல் கற்றவர்கள் அல்லோம். ஆனால் ஜபல்பூர்ப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, லூதியானாவிலிருந்து வந்திறங்கும் சைக்கிள் பெட்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் எடை போட்டு ரசீது எழுதி வருகிறோம். பெட்டியின் மேல் 15, 17, 19 என்றும், எஸ், எம், எல் என்றும் அச்சிட்டிருப்பது எதைக் குறிக்கிறது என்று அறியும் ஆவல் அங்கேதான் பிறந்தது. விடுமுறை நாட்களில் காலனி இளைஞர் சிலரோடு லம்ஹேட்டா காட் வழியாக பேடாகாட் வரை நருமதைக் கரையோரம் சைக்கிளிற் சென்று வருவதும் நம் பழக்கம். அந்தச் சரளைக் கற்களும் மதன் மகால் குன்றின் கருங்கற் பாறைகளும் கற்பித்ததைத்தான் இங்குச் சொல்லப் புகுகிறோம்.

முதலில் மலைச் சைக்கிள் என்பது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சிறிது நோக்குவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெரின் என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள தமால்பைஸ் மலையிலும் அதன் சுற்றுப்புறச் சரிவுகளிலும், 1970-களில் சில இளைஞர்கள் பருத்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களில் உருண்டு இறங்கி விளையாடினார்கள். (மலையின் பெயரைக் கேட்டுத் தமிழோடு உறவு தேட வேண்டா, அஃது அந்நாட்டுப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த சொல்.) 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும்; ஒவ்வோர் இறக்கத்துக்கும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பெயர் வாய்த்தது. மறு ஆண்டே ஜோ ப்ரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே தனிச் சட்டம் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்ப்பர்' பெருமளவிற் கடைக்கு வந்தது. இவை எவற்றிலும் முன்கவையில் ஸ்பிரிங் கிடையாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பால் டர்னர் என்பவர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதற் கவை 1989-இல்தான் விற்பனைக்கு வந்தது; அதுவும் இரண்டு அங்குலத்துக்குக் குறைவாகவே அமிழ்ந்தெழும். அதற்கு முன்பு பத்தாண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் வெறுங்கவையோடுதான் மலையிறங்கினார்கள். இச்செய்தி பின்னால் நமக்கு உதவும்.

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இன்றி, முன்சக்கரத்துக்கு மட்டும் வைத்த வண்டியை 'ஹார்ட்டெயில்' என்பர். நம் இளைஞர்கள் இதனைக் 'கெட்டிவால்' என்று மொழிபெயர்த்துச் சிரிக்கிறார்கள். பின்புறமும் ஸ்பிரிங் வைத்த வண்டிகள் உண்டு. நல்லவை விலையில் நமக்கு எட்டா, எட்டும் விலையில் உள்ளவை வாங்கத் தக்கவை அல்ல. அப்பேச்சு இத்தோடு நிற்க.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதில்தான் நம் குடும்பங்கள் பெரிதும் இடறுகின்றன. நாற்பதைக் கடந்தவர்கள் தாங்கள் சைக்கிள் கற்ற விதத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒரே சைக்கிள், அது தந்தையுடையது, சட்டம் 22 அங்குலமோ 24 அங்குலமோ இருக்கும். நாம் அதன் முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒருபுறம் ஒடித்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்டோம். ஊர் முழுவதும் அவ்வாறே கற்றது, ஒருவர்க்கும் கேடில்லை. அதனால் சைக்கிளுக்கு அளவு பார்ப்பது ஏதோ செல்வர் வீட்டு நாகரிகம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஊறிவிட்டது. அதனோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. தையற்காரரிடம், "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாகத் தையுங்கள்" என்போம். அதே சொல்லைச் சைக்கிள் கடையிலும் சொல்கிறோம். சட்டைக்கு உள்மடிப்பு உண்டு; அடுத்த ஆண்டு பிரித்து விடலாம். அலுமினியக் குழாய்க்கு உள்மடிப்பு ஏது?

குரங்குப் பெடல் அடித்த தெரு சமதரை. வேகம் நடையினும் சற்றே மிகுதி. விழுந்தால் மண்ணில் விழுவோம். மலைச் சரிவு அத்தகையதன்று. சென்ற ஆண்டு மழை நின்றபின், காலனியைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் மதன் மகால் குன்றுச் சரிவில் இறங்கினான். "இன்னும் ஐந்தாண்டுக்கு ஆகும்" என்று அவன் தந்தை ஆசையோடு வாங்கித் தந்தது 19 அங்குலச் சட்டம், 29 அங்குலச் சக்கரம். முன்சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கி நின்றுவிட்டது. அளவான வண்டியாயின் காலை ஊன்றி நின்றிருப்பான். அவன் சீட்டை விட்டு முன்னே இறங்கினான். கால் தரையைத் தொடுமுன் உடல் குழாயின் மேல் மோதியது. வலியில் கைப்பிடியை விட்டுப் பக்கத்தில் சரிந்தான். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அரையாண்டுத் தேர்வுக்கு எழுதுவதற்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று. கை கூடிவிட்டது, ஆனால் சைக்கிள் இன்று வரை அவர்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படியின் கீழ்த் தூசி படிந்து நிற்கிறது, பையன் அதன் பக்கம் திரும்புவதில்லை. அந்தத் தந்தை இன்று இந்த அவையிலும் இருக்கிறார். அவர் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம்.

அளவெடுப்பது எளிது. பிள்ளையைச் செருப்பின்றிச் சுவரில் முதுகு படிய நிறுத்துங்கள். பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே செங்குத்தாக வைத்து, சீட்டில் அமர்ந்தால் உண்டாகும் அழுத்தம் தோன்றும் வரை மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். தரையிலிருந்து அக்கோடு வரை உள்ள நீளமே உட்கால் அளவு. (பழைய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் இதற்கு வெகு பொருத்தம், கைப்பேசி வந்தபின் அதற்கு வேறு வேலையும் குறைந்துவிட்டது.) இவ்வளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.226 என்னும் எண்ணாற் பெருக்கினால், மலைச் சைக்கிளின் சட்ட அளவு ஏறத்தாழ அங்குலத்திற் கிடைக்கும். உட்கால் 76 சென்டிமீட்டர் உள்ளவர்க்கு 17 அங்குலம். 66 உள்ள பிள்ளைக்கு 15 அங்குலம். பொதுக்குழுவிற் பேசப்பட்ட 19 அங்குலச் சட்டத்துக்கு உட்கால் 84 சென்டிமீட்டர் வேண்டும். நம் காலனியில் ஆடவர் எத்தனை பேர்க்கு அது இருக்கும் என்று இப்போதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்! நாம் இதுவரை அளந்து பார்த்த பிள்ளைகள் பெரும்பாலோர்க்கு 64 முதல் 74 வரையே வந்தது.

இக்கணக்கு கடைக்குப் போகுமுன் வீட்டிற் போடுவதற்கு உரியது. அதுவே முடிந்த முடிபன்று. கடையில், எப்போதும் அணியும் காலணியோடு சட்டத்தின் மேற்குழாயின் இருபுறமும் கால் வைத்து நின்று பார்க்க வேண்டும். உடலுக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் வெளி வேண்டும். பாறைப் பக்கம் போவோர்க்கு 10 இருந்தாலும் மிகையன்று. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுவோர் இதிற் பாதியோடு காலந்தள்ளலாம். இன்று வரும் சட்டங்களில் மேற்குழாய் பின்னோக்கிச் சரிந்திருப்பது இந்த வெளியைக் கருதித்தான். 'லேடீஸ் சைக்கிள்' என்று தனியாக ஒன்றைக் காட்டிப் பெண் பிள்ளைகளை அதன்பால் தள்ளும் வழக்கமும் உண்டு. சட்டத்துக்கு ஆண் பெண் தெரியாது. அதற்குக் கால் நீளமும் கை நீளமுமே தெரியும். நம்மோடு பேடாகாட் வரை வரும் பெண்கள் இருவர் 15 அங்குல மலைச் சைக்கிளில் நம்மை முந்திக்கொண்டு போகிறார்கள்.

உயரம் பொருந்திய பின் நீளத்தைப் பார்க்க வேண்டும். இதனைப் பலர் பார்ப்பதில்லை. பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடும், கைப்பிடித் தண்டு நுழையும் தலைக்குழாயின் மேல்வாயிலிருந்து செங்குத்தாக ஒரு கோடும் இழுத்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை 'ரீச்' என்பர். சரிவில் இறங்குகையில் நாம் சீட்டில் அமர்வதில்லை. பெடல் மேல் நிற்கிறோம். நிற்பவனுக்குச் சீட்டுக் குழாயின் உயரம் எதற்கு? அவன் கைக்கும் காலுக்கும் இடையே உள்ள இந்த ரீச்சுதான் அவனுக்கு வண்டி. முப்பது ஆண்டுகளுக்கு முன் மலைச் சைக்கிளின் தலைக்குழாய் 71 பாகை அளவில் நிமிர்ந்து நின்றது. இன்று பலவற்றில் 66, 67 பாகைக்குச் சாய்ந்துவிட்டது. சட்டம் நீண்டு, கைப்பிடித் தண்டு குட்டையாயிற்று. ஆதலின் பழைய வண்டியின் 17 அங்குலமும் புதிய வண்டியின் 'எம்' அளவும் ஒன்றென்று கொள்வது தவறு. ஒரு நிறுவனத்தின் 'எம்' இன்னொரு நிறுவனத்தின் 'எஸ்' போல இருப்பதும் உண்டு. எழுத்தை நம்பாமல், நிறுவனம் வெளியிடும் அளவுப் பட்டியலில் எண்களைப் பாருங்கள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் எதைக் கொள்வது? சிறியதையே கொள்க என்பது நம் துணிபு. சீட்டுத் தண்டை உயர்த்தலாம். அதில் பொறித்திருக்கும் கோட்டுக்கு மேல் உயர்த்தலாகாது, அவ்வளவே. கைப்பிடித் தண்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்டதாக மாற்றலாம். பெரிய சட்டத்தைக் குறுக்கும் வித்தை எந்தக் கம்மியரிடமும் இல்லை. சீட்டின் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: உட்கால் அளவை 0.883 ஆற் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய தூரம் வரும். 76-க்கு 67 சென்டிமீட்டர். அதில் தொடங்கி அவரவர் முழங்காலின் சொற்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

சக்கர அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 26, 27.5, 29 என மூன்று அளவுகள் வழங்குகின்றன. 29 என்றதும் ஏதோ புதுமை என்று மலைக்க வேண்டா. நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இந்த 29-இல் 622 தான்! டயர் பருத்திருப்பதால் வெளிவிட்டம் கூடுகிறது. பெரிய சக்கரம் கற்களின் மேல் எளிதாக ஏறிச் செல்லும் என்பது உண்மை. ஆனால் 15 அங்குலச் சட்டத்தில் அதைப் பூட்டினால் கைப்பிடி மார்புக்கு ஏறிவிடும். திரும்பும்போது கால்விரல் டயரில் உரசவும் கூடும். சிறிய சட்டத்துக்கு 26 அல்லது 27.5 போதும்.

இப்போது கவை. இதனை விளக்க வேறெங்கும் போக வேண்டா. நம் ரயில் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தாற் போதும். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய பெட்டிகளில், அச்சுப் பெட்டியின் மேல் சுருள்வில் இருக்கும். அதனுள்ளே எண்ணெய் நிரம்பிய ஓர் உருளையும் இருக்கும். வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தருவதும் வில்லின் குணம். தணிக்க ஒன்று இல்லாவிட்டால், ஒரு தண்டவாள இணைப்பைக் கடந்த பெட்டி அடுத்த இணைப்பு வரை ஆடிக்கொண்டே போகும். உருளையிலுள்ள எண்ணெய் சிறு துளை வழியே புகுந்து செல்லக் காலம் எடுக்கிறது. அந்தத் தாமதமே ஆட்டத்தை அடக்குகிறது. சரக்கு வண்டியில் எண்ணெய் இல்லை. ஆப்பு வடிவ இரும்புத் துண்டு உராய்ந்து ஆட்டத்தைக் குறைக்கும். கரிக்கும் கோதுமைக்கும் அது போதும். வந்தே பாரத் வண்டியிலோ பெட்டியின் எடையைக் காற்று அடைத்த வில் தாங்குகிறது. கூட்டம் ஏறினால் காற்றைக் கூட்டி, இறங்கினால் குறைத்து, தளம் ஒரே உயரத்தில் நிற்கிறது.

சைக்கிள் கவையும் இம்மூன்று வகையே. பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் விற்கும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது சரக்கு வண்டி முறை: உள்ளே ஒரு சுருள்வில், தணிப்புக்கு உராய்வைத் தவிர வேறில்லை. அடுத்தது, சுருள்வில்லோடு எண்ணெய்த் தணிப்பு உள்ளது. மூன்றாவது காற்று வில்லும் எண்ணெய்த் தணிப்பும் உள்ளது. முதல் வகைக் கவை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை இருக்கும். காற்றுக் கவை இரண்டு கிலோவுக்குள் அடங்கும். ஸ்பிரிங் இல்லாத வெறுங்கவை இவற்றினும் மிக இலேசு. நல்ல காற்றுக் கவை ஒன்றின் விலையோ, நாம் சாதாரணமாகக் கடையிற் காணும் மலைச் சைக்கிள் ஒன்றின் முழுவிலையையே எட்டும்.

சுருள்வில் கவையில் உள்ள பெருங்குறை ஒன்றைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். வில்லின் கடினம் கிட்டத்தட்ட எழுபது கிலோ எடையுள்ள வளர்ந்தவரை எண்ணி அமைக்கப்படுகிறது. 35 கிலோ எடையுள்ள பிள்ளை அதன் மேல் ஏறினால் வில் அசையவே அசையாது. பிள்ளை மேடேறும்போதெல்லாம் இரண்டரைக் கிலோ இரும்பைப் பயனின்றிச் சுமந்து செல்லும். கவையின் தலையில் உள்ள குமிழைத் திருப்பினால் மென்மையாகும் என்று கடைக்காரர் சொல்வார். அந்தக் குமிழ் வில்லை முன்கூட்டியே சிறிது அழுத்தி வைக்குமேயன்றி, வில்லின் கடினத்தை மாற்றாது. மற்றப் பக்கத்துக் குமிழ் கவையை அசையாமற் பூட்டுவதற்கு. தார்ச்சாலைக்கும் மேட்டுக்கும் உரியது. கரடான இறக்கத்திற் பூட்டியே ஓட்டினால் கவைக்கும் கேடு, கைக்கும் கேடு.

காற்றுக் கவை அப்படியன்று. ஏறுபவரின் எடைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். அதற்குரிய சிறு பம்பு தனியே உண்டு. டயருக்கு அடிக்கும் பம்பு உதவாது. அளவறியும் முறை இது. கவையின் பளபளப்பான மேற்குழாயில் ஒரு ரப்பர் வளையமோ நூலோ கட்டி, கீழ்க்குழாயின் விளிம்பு வரை இறக்கிவிடுங்கள். ஓட்டுபவர் மெல்ல ஏறி, குதிக்காமல் நின்று, மெல்ல இறங்கட்டும். நூல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் அமிழும் கவையில் 15 முதல் 25 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் காற்று அதிகம். கூடினால் காற்றுப் போதாது.

எவ்வளவு அமிழும் கவை வேண்டும் என்று கேட்டால் இளைஞர்கள் உடனே 140, 150 என்பார்கள். கவையைத் தனியாகத் தெரிவு செய்ய இயலாது. சட்டம் எந்த நீளக் கவைக்கென்று வரையப்பட்டதோ அந்நீளமே பொருந்தும். 20 மில்லிமீட்டர் நீண்ட கவையைப் பூட்டினால் தலைக்குழாய் ஏறத்தாழ ஒரு பாகை பின்னே சாயும். முன்புறம் தூக்கும், மேட்டில் சக்கரம் அலையும், தலைக்குழாயின் இணைப்புக்கு அது எண்ணிப் பாராத பாரமும் ஏறும். நருமதைக் கரைக்கும் நம் குன்றுகளுக்கும் 100 போதும். மிக விரும்பினால் 120. ஹார்ட்டெயிலில் அதற்கு மேல் போனால் முன்புறம் மட்டும் அமிழ்ந்து வண்டி தலைகுனிகிறதேயன்றி, பின்சக்கரம் வாங்கும் அடி குறைவதில்லை.

பின்னாளில் கவையை மட்டும் மாற்ற நினைப்போர், இதைப் பாதை அகலம் போல எண்ணிக்கொள்ள வேண்டும். முன்பு ஹவ்பாக் நிலையத்திலிருந்து நயின்பூர் நோக்கிச் சென்ற சிறுபாதை வண்டியை அகலப் பாதையில் ஏற்ற இயன்றதா? கவையின் தண்டு மேலும் கீழும் ஒரே பருமனாக 28.6 மில்லிமீட்டர் இருப்பது ஒரு வகை. கீழே ஒன்றரை அங்குலமாகப் பருப்பது இன்னொரு வகை. ஒல்லித் தண்டைப் பெரிய தலைக்குழாயில் வளையம் வைத்துப் பொருத்தலாம். பருத்த தண்டு பழைய ஒல்லிக் குழாயில் நுழையாது. சக்கர அச்சிலும் 9 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்ற வேறுபாடு உண்டு. டிஸ்க் பிரேக் தாங்கும் காது கவையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னும் விரித்தால் செயலாளர் மணியடித்து விடுவார்.

கடையில் ஐந்து நிமிடத்திற் செய்யக்கூடிய சோதனை உண்டு. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தி விடுங்கள். கவை அமிழ்ந்து, மூச்சு விடுவது போல் மெல்ல எழுந்தால் தணிப்பு இருக்கிறது. பந்து போல் துள்ளினால் இல்லை. மேல் முட்டியதும் 'டக்'கென்று இரும்போசை கேட்டால் அந்த வண்டியை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வாருங்கள். சில வண்டிகளின் சட்டத்திலேயே, கரடு வழிக்கு உகந்ததன்று என்று சிற்றெழுத்தில் ஒட்டியிருக்கும். விளம்பரத்திலோ அதே வண்டி பாறையின் மேற் பறக்கும்! கண்ணாடி போட்டுக்கொண்டாவது அந்தச் சிற்றெழுத்தைப் படியுங்கள்.

"ஸ்பிரிங் இல்லாத சைக்கிளைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பாரார்களே" என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். முதல் நாள் பாரார்கள்தாம். இரண்டாம் ஞாயிறு, வெறுங்கவைப் பிள்ளை மேட்டில் முன்னே போவதைக் கண்டால் பார்ப்பார்கள். ரீபேக் சரிவில் இறங்கியவர்களுக்கு இருந்த ஸ்பிரிங் அவர்கள் டயரும் முழங்கையுந்தாம். டயர் 2.1, 2.25 அங்குலம் பருமன் உடையதாயின் அதுவே ஒரு நல்ல காற்று வில். ஆனால் நம் பஞ்சர் கடைகளில் அதைக் கல்போல் அடித்துத் தருகிறார்கள். நடுத்தர எடையுள்ளவர்க்குக் கரடு வழியில் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைக்கலாம். மிகக் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் விளிம்பில் நசுங்கிப் பாம்பு கடித்தாற்போல் இரட்டைத் துளை விழும். அழுத்தம் காட்டும் கருவி ஒன்று சங்கத்தில் இருப்பது நன்று.

கவை வாங்கினால் அதைப் பேணவும் வேண்டும். மழைக்காலச் சேறு பட்ட மேற்குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். கார் கழுவும் குழாயை அதன் மேற் பீய்ச்சினால் ரப்பர் வளையத்தைத் தாண்டி நீர் உள்ளே புகும். காற்றுக் கவையின் கீழ்க்குழாயில் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். நான்கு சைக்கிளிலும் அத்தகைய கவை வைத்தால் யார் கணக்கு வைப்பது, யார் கழற்றிப் பூட்டுவது என்பதையும் பொதுக்குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே நாம் அவையின் முன் வைக்கும் திருத்தம் இது. நான்கு சைக்கிளில் இரண்டு 15 அங்குலச் சட்டமாக, ஸ்பிரிங் இல்லாத கவையோடு, பருத்த டயரோடு இருக்கட்டும். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் மிகுதியாக இருப்பதால் அவை நாள்தோறும் ஓடும். மூன்றாவது 17 அங்குலம், அதுவும் வெறுங்கவையே. இம்மூன்றிலும் மிச்சமாகும் தொகையைச் சேர்த்து, நான்காவதை 17 அங்குலச் சட்டத்தில் 100 மில்லிமீட்டர் காற்றுக் கவையோடு, பம்பும் சேர்த்து வாங்கலாம். நாற்பது கிலோப் பெண்ணும் எண்பது கிலோ ஆடவரும் ஒரே வண்டியைக் காற்றை மாற்றி ஓட்டக்கூடியது அது ஒன்றுதான். 19 அங்குலம் வேண்டா. அது பொருந்தும் நெட்டையர் இருவரும் சொந்தச் சைக்கிள் வைத்திருக்கிறார்கள். ஒரே அளவில் நான்கும் வாங்கினால் கிடைக்கும் கழிவை இழப்போம் என்பது மெய்யே. படிக்கட்டின் கீழ் நிற்கும் சைக்கிளுக்கும் அன்று கழிவு கிடைத்தது.

வளரும் பிள்ளைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வீடு தாராள அளவில் வாங்குவதை விட்டு, வளர்ந்து தாண்டிய சைக்கிள்களைக் காலனிக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள சைக்கிளின் சட்ட அளவையும் பிள்ளையின் உட்கால் அளவையும் குறித்து வைக்க நூலகத்தில் ஒரு பேரேடு திறக்கத் தலைவர் இசைந்திருக்கிறார். மாடிப்படியின் கீழ் நிற்கும் 19 அங்குலத்தை முதல் வரியில் எழுதிக்கொள்ளுமாறு அதன் உரிமையாளரே கேட்டிருக்கிறார். கல்லூரிக்குப் போகும் பிள்ளை எவர்க்கேனும் உட்கால் 84 வருமாயின் அவரைப் பார்க்கலாம்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் நூலக அறையில் அளவெடுப்போம். பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்க மகளிர் பிரிவினர் இருவர் முன்வந்துள்ளனர். பிள்ளைகள் எப்போதும் அணியும் காலணியைக் கையோடு கொண்டு வரவேண்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தை நாமே கொண்டு வருகிறோம்.